நாணயத் தடிமன்

முதல் குளிரில் ஒரு தலைமுடி.
இரண்டாம் குளிரில் ஒரு பவுண்டு நாணயத்தை நட்டால் நிற்கும்.
மூன்றாவதில்
கேட்டிலிருந்து கராஜ் கதவு வரை
யாரோ பேனாவால் இழுத்து
பாதியில் கை நடுங்கியதுபோல
தாரில் ஒரு கோடு.

கெட்டரிங்கில், எங்கள் தெருவில்
ஆளுக்கொரு காரணம் இருந்தது.
தயாபரன் சொன்னார்:
மாடியறை கட்டியபோது நீ வரவழைத்த இடிபாட்டுத் தொட்டி,
மூன்று வாரம் அங்கேதான் நின்றது.
நான் சொன்னேன்: உங்கள் வேன்.
ஒவ்வொரு இரவும் அதே இரண்டு தடத்தில்,
டைல்ஸ் பெட்டிகளோடு.
பக்கத்து வீட்டு கோலின் வேலிக்கு மேலே தலை நீட்டி
தன் பிர்ச் மரத்துக்குச் சம்பந்தமே இல்லை என்றார்,
நாங்கள் கேட்பதற்கு முன்பே.

செய்யவேண்டியபடிதான் எல்லாம் செய்தேன்.
மே மாதம், பத்துப் பாகைக்கு மேல்,
இரண்டு நாள் மழையில்லை என்று பார்த்து
பழைய ஸ்க்ரூடிரைவரால் பாசியைக் கிண்டினேன்.
என் ஹேர் டிரையரை வாசலுக்குக் கொண்டுவந்து
தரைக்கு ஈரம் துவட்டினேன்.
(கோலின் ஜன்னலில். காணாதவர்போல.)
ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி மூச்சைப் பிடித்து
சூட்டுத் தாரை ஊற்றி, மேலே மணல் தூவி,
ஒரு நாள் முழுக்க யாரையும் மிதிக்க விடவில்லை.

நவம்பரில் அதே இடத்தில் உதடு பிரிந்தது.
அடுத்த மே.
அதற்கடுத்த மே.
தார் விற்ற கடையில் சண்டையும் போட்டேன்.

பிறகு அந்த ஜூலை.
தோட்டக் குழாய்க்குத் தடை.
பூங்காவின் புல் வைக்கோல்.
சம்பந்தமே இல்லாத பிர்ச்
அப்போதே இலை உதிர்க்கத் தொடங்கியிருந்தது.
எங்கள் விரிசலில் மட்டும்
ஒரு டாண்டெலியன்
தின்று கொழுத்த பச்சையில்
ஐந்து பூ பூத்து நின்றது.
நான்கு நாள் அதை மிதிக்காமல் தாண்டி வேலைக்குப் போனேன்,
ஏன் என்று கேட்காமல்.
ஐந்தாம் நாள் விரலை விட்டுப் பார்த்தேன்.
சில்லென்றது.

இரவு இரண்டு மணி.
வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு
நடைபாதையில் மீட்டர் மூடியைத் தூக்கி
கைபேசி வெளிச்சத்தில் குந்தினோம், இருவரும்.
கண்ணாடிக்குள் குட்டிச் சிவப்புச் சக்கரம்
சுற்றிக்கொண்டிருந்தது,
யாரும் குடிக்காத தண்ணீரை எண்ணியபடி.
அவர் வேனைப் பார்த்தார்.
நான் மாடியறையைப் பார்த்தேன்.
மன்னிப்பு என்று யாரும் எதுவும் சொல்லவில்லை.
என் முழங்கால் பிடித்துக்கொண்டது,
எழும்பக் கை கொடுத்தார்.

நடைபாதை வரை எங்களுடையது,
அதற்கு உள்ளே உங்களுடையது என்றது
தண்ணீர் கம்பெனி.

டோரு வந்து சதுரமாக அறுத்தான்.
ஒரு அங்குலத் தார். கீழே கல்லே இல்லை,
வீட்டை விற்றுவிட்டுப் போனவர்
மண்ணின் மேலேயே பூசியிருக்கிறார்.
மண்ணும் பாதிதான் இருந்தது.
மீதி, என் முழங்கை வரை நுழையும் பொந்து.
அதன் அடியில் சாம்பல் நிறக் குழாயில்
ஊசி குத்திய அளவு ஓட்டை.
அவன் சிரித்தான்:
மூன்று வருடமாக நீங்கள் கூரைக்குத்தான் மருந்து போட்டிருக்கிறீர்கள்.

நீலக் குழாய். கல். இடி. மறுபடி கல்.
அதிர்வு இயந்திரம் ஓடியபோது
சமையலறையில் கோப்பைகள் கிணுகிணுத்தன.
கடைசியாக ஆவி பறக்கும் தார்,
பழையதைக் கிழடாக்கிவிடும் கறுப்பு.

கோலினின் பூனை இப்போது அதில்தான் படுக்கிறது.

கிளம்புவதற்கு முன் டோரு
சதுரத்தின் நான்கு ஓரத்திலும் தூரிகையால் தார் தடவினான்.
அடுத்தது வந்தால் இந்த ஒட்டில்தான் வரும் என்றான்,
பில்லை நீட்டிக்கொண்டே.

அக்டோபர் மழை.
ஜன்னலில் நின்று பார்க்கிறேன்.
பழையதும் புதியதும் சேரும் இடத்தில்
தண்ணீர் ஒரு நொடி நின்று
பிறகு தெருப் பக்கம் போகிறது.
கராஜில் அரை வாளித் தார் மிச்சமிருக்கிறது.
எறிய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.