திருப்பிப் போட்ட சொல்

சியாயாவில் அபோண்டியின் வயல்
இந்த வருடமும் ஊதா.
சாலையில் போன பைக்காரன் நிறுத்தி
படம் எடுத்துக்கொண்டு போனான்.
அவ்வளவு அழகு.
அபோண்டி அந்தப் பூவைப் பார்த்துத் துப்பினாள்.
கயோங்கோ என்று அதற்குப் பேர்.

என் வேலை வேர் கழுவுவது.
வாளி, சல்லடை, பழைய பல்துலக்கி.
சோள வேரை அலசி அலசி
மண் போனபின் மிஞ்சுவதை ஒடிராவிடம் கொடுப்பேன்.
அவள் நுண்ணோக்கியில் கண் வைத்து எண்ணுவாள்.
சோறு தின்னும்போதும்
உதடு எண்ணிக்கொண்டிருக்கும்.

இங்கே மண் சிவப்பு.
பாஸ்பரஸ் இல்லாமலில்லை,
இரும்போடு கட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது.
பசித்த சோளம்
வேரிலிருந்து ஒன்றைக் கசியவிடும்.
எந்தத் தராசிலும் நிற்காத எடை.
அதுதான் சொல்.
ஏறக்குறைய “வா” என்பது மாதிரி.

பூஞ்சைக்குக் கேட்கும்.
கேட்ட இடத்திலேயே கிளைக்கும்,
கிளையில் கிளை,
மயிரைவிட மெல்லிய இழை
வேரின் தோலைத் தடவி, இடம் பார்த்து, உள்ளே போய்
ஒரே ஒரு செல்லுக்குள்
குட்டி மரமாய் விரிந்து நிற்கும்.
நீலச் சாயம் ஏற்றினால் தெரியும்.
முதல்முறை பார்த்த அன்று
சம்பளம் பற்றி நான் முணுமுணுக்கவில்லை.

கொண்டுவருவது பாஸ்பரஸ்.
வாங்கிப்போவது சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு.
சீட்டில்லை, சாட்சியில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், சரி.
இருட்டில் அழுத பிள்ளையின் குரல்
தாய்க்கு மட்டுமா கேட்கும்?

கயோங்கோ விதை தூசியளவு.
அபோண்டியின் மூத்தவன் பிறந்த வருடம் உதிர்ந்தவை
இன்னும் அங்கேயே கிடக்கின்றன,
உடம்பெல்லாம் காதாக.
மழை மட்டும் எழுப்பாது.
வெயில் மட்டும் எழுப்பாது.
ஈரத்தில் ஊறிக் கிடக்கையில்
பக்கத்தில் ஒரு வேர் “வா” என்றால்
எழும்.
பூஞ்சைக்கு வைத்த அழைப்பில்
அது வந்து பந்தியில் உட்காரும்.
மண்ணுக்கு மேலே பூ தெரியும்போது
இலை எடுத்தாயிற்று.

உரம் போட்டால் அடங்கும்.
வயிறு நிறைந்த சோளம் அவ்வளவாகக் கூப்பிடாது.
போன வருடம் மகளிர் குழுவில் கடன் வாங்கி
ஒரு மூட்டை போட்டாள்.
பாதி வயலுக்குத்தான் வந்தது.
அந்தப் பாதி வாயை மூடிக்கொண்டது.
மௌனத்துக்கு
அவள் இன்னும் தவணை கட்டுகிறாள்.

“ஊமைச் சோளம் ஒன்று கண்டுபிடியுங்களேன்” என்றாள்.
“ஊமையானால் பூஞ்சையும் வராதே” என்றாள் ஒடிரா.
“அப்போ நீங்க எதுக்கு?”
ஒடிராவுக்குக் கோபம் வந்தது.
நான் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

பதினாலாம் பாத்தியில் ஒரு சோளம்.
குட்டை. தானியம் வெளிறியது. குருவிகளுக்கு உயிர்.
வேரைக் கழுவினேன்.
உள்ளே நீல மரங்கள், வரிசையாக.
வெளியே கயோங்கோ ஒட்டியது இரண்டே இரண்டு.
பக்கத்துப் பாத்தியில் நாற்பத்தாறு.

அதுவும் கூப்பிடுகிறது.
அதே சொல்லைத்தான்.
சொல்லுக்குள் ஒரு வளையம் மட்டும்
எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது.
பூஞ்சை அதைப் பெரிதுபடுத்துவதில்லை.
திருடனுக்கு முக்கால்வாசி புரிவதில்லை.

அபோண்டி நாலு வரிசை போட்டாள்.
களி கிண்டித் தின்றுவிட்டு
“ருசி மட்டம்” என்றாள்.
அடுத்த மழைக்கு எட்டு வரிசை கேட்டாள்.
மற்ற இடமெல்லாம் ஊதாதான்.
விதைகள் கேட்டுக்கொண்டுதான் கிடக்கின்றன.
இந்தப் பாஷையும் ஒருநாள் அவற்றுக்குப் பிடிபடலாம்.
ஒடிரா அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நாங்கள் விதை கொடுக்கப்போன அன்று
தவணைக்காரர் வாசலில் வந்து நின்றார்.
அபோண்டி உள்ளே பார்த்து
“அடேல், தண்ணி கொண்டா” என்று கூப்பிட்டாள்.
அவள் மகள் பேர் நெரியா.

தண்ணீர் வரவில்லை.
பின்பக்கம், வேலியோரமாக,
கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நெரியா
சத்தமில்லாமல் நடந்துபோனாள்.