இரட்டைப் பதிவு

கோரிமேடு, மூன்றாம் மாடி.
மைனஸ் எண்பதில் உறையும் பெட்டிக்கு
எங்களைவிட நல்ல கரண்ட்.

நாலு ஊர்ப் பதிவேடுகளை
ஒரே கிடங்கில் கொட்டி
மரபணு வரைபடத்துக்கு ஆள் சேர்ப்பது என் வேலை.
காரைக்கால் காகிதம் எப்போதும் ஈரமாய் வரும்.
பாகூரில் யாரோ ஏழை ஒன்று போல் எழுதுகிறார்கள்.
'கடலூர் ஓ.டி.' என்றிருந்த நூற்றுப்பத்துப் பேரும்
ஆபரேஷன் தியேட்டரில் வசிப்பதாக
எடுத்துக்கொண்டது மென்பொருள்.
ஓல்ட் டவுன்டா, ஓல்ட் டவுன் என்று திட்டியபடி
ஒவ்வொருவராய் வெளியே கூட்டிவந்தேன்.

'பெற்றோர் உறவினரா?'
ஆம், இல்லை, இரண்டே கட்டம்.
ஓரத்தில் பென்சிலால்:
தாய்மாமன். அத்தை மகன்.
ஒருவகையில் முறைதான், கேட்டுச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை திரையில் மஞ்சள் வரி.
0417, 1163: ஒரே ஆள்.
ஒப்பிட்ட ஆறு லட்சம் இடங்களில்
மாறியவை பதினொன்று.
அது இயந்திரத்தின் தும்மல்.

0417 பாவாடைராயன், சோனாங்குப்பம், வலைத்தொழில்.
தந்தை பெயருக்கு நேராக ஒரு கோடு,
பேனா கிழிக்கும் அளவுக்கு அழுத்தி.
1163 சவரிராயன், முத்தியால்பேட்டை, பெயின்டர்.
தந்தை பெயர் இருக்கிறது:
லூர்து மரியான், கொட்டை எழுத்தில்,
இரண்டுமுறை.
பிறந்த தேதிகளுக்கு நடுவே நாலு வருஷம்.

முதல் எண் அணைந்து கிடந்தது.
இரண்டாவதில் சுவர் சுரண்டும் சத்தம்.
"சவரி பெயின்ட்ஸ், சொல்லுங்க."
உங்களுக்குச் சகோதரன் உண்டா என்று கேட்டேன்.
சுரண்டல் நின்றது.
"இருந்தான்."
பிறகு, மெதுவாக:
"ரத்தத்துல ஏதாவது கோளாறா மேடம்?"
இல்லை என்றேன்.
"அப்ப அவனை விட்டுடுங்க."

ஒன்றாக்கினால் பழைய பெயர்தான் நிற்கும்.
விதி அப்படி.
கோடும் நிற்கும்.
நீக்கினால் காரணம் எழுத வேண்டும்,
இருநூறு எழுத்துக்குள்.

கீழே மூன்றாவதாய் ஒரு தெரிவு,
இதுவரை யாரும் தொடாதது:
ஒருகரு இரட்டையர்.

சிரிஞ்ச் ஏறிய அந்தக் கை
இரண்டு முகாமிலும் ஒரே கைதான்.
தெரியும்.
இரண்டாவது தடவை நீட்டியபோது
அது வேறொருவனுக்காக நீண்டது என்பது
எந்தக் கட்டத்திலும் இல்லை.

அழுத்தினேன்.
மஞ்சள் பச்சையானது.

இனி யாரோ ஓர் ஆய்வாளர்
சோனாங்குப்பத்து உப்பும் முத்தியால்பேட்டைப் பெயின்டும்
ஒரே கருவை எப்படி வெவ்வேறாய் வளர்த்தன என்று
கட்டுரை எழுதக்கூடும்.

அதற்கு முன் மையத்திலிருந்து கேள்வி வரும்:
இரட்டையருக்கு நாலு வருஷ இடைவெளி எப்படி?

பதிலை இன்னும் யோசிக்கவில்லை.
சிலர் பிறக்க
நேரமெடுக்கிறது, சார்.