கட்டணம் இல்லை

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோவை மூடியபோது
பதினொரு பெட்டி நெகட்டிவ்களை
நிறுத்துத்தான் விற்றார்கள்.
இப்போது அவை வெள்ளவத்தையில்,
என் ஸ்கேனருக்குப் பக்கத்தில்.
கடற்காற்றுக்கு ஜன்னலை அடைத்திருக்கிறேன்.
உப்பு ஈரம் வெள்ளியைத் தின்னும்.

நெகட்டிவில் எல்லாமே தலைகீழ்.
மாப்பிள்ளையின் பல் கரி.
பொட்டு என்பது
நெற்றியில் வெளிச்சம் புகுந்து வருகிற ஓர் ஓட்டை.

அந்த ஓட்டையை அடைக்கத் தெரிந்தவள் மிஸ் யூலாலி.
பென்சிலை ஊசியாகச் சீவி
மூச்சைப் பிடித்துக்கொண்டு
புள்ளி புள்ளியாக இருட்டை நிரப்புவாள்.
நிரப்பிய இருட்டு அச்சில் தோலாகிவிடும்.
கணக்குக் கொப்பி இரண்டாவது பெட்டியில் கிடந்தது:
அம்மைத் தழும்பு, மூன்று ரூபாய்.
மாறுகண், ஐந்து.
இரட்டை நாடி, நாலு; முதலாளி வீட்டாருக்கு இரண்டரை.
எண்பத்துமூன்று ஆகஸ்டிலிருந்து
பக்கம் பக்கமாக ஒரே வரி:
பொட்டு, கட்டணம் இல்லை.
அவளுடைய ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்தான்
மொழிபெயர்க்கப்படாமல் நின்றது.

இந்தக் கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள்
ஒளியில் தொடங்குகிறார்கள்.
கப்பலில் வந்திறங்கிய கமெராப் பெட்டி,
கவர்னரின் குதிரை, கோப்பித் தோட்டம்,
பிடரியில் இரும்புக் கவ்வி கொடுத்து
அசையாதே என்று நிறுத்திய ஆட்கள்.
அசைந்தவர்கள் புகையானார்கள்.
பிறகு படமே அசையக் கற்றுக்கொண்டது,
நொடிக்கு இருபத்துநாலு தடவை கதவைத் திறந்து மூடி.
மருதானைத் தியேட்டரில் காலாட்டிக்கொண்டு பார்த்தோமே,
அதில் பாதி நேரம் திரையில் ஒன்றுமே இல்லை.
காசு கொடுத்து
இருட்டைத்தான் பார்த்திருக்கிறோம்.

உறை 4417.
செ. அபிராமவல்லி, ஜம்பட்டா வீதி. அடையாள அட்டைக்கு.
விளக்கில் சாய்த்துப் பிடித்தால்
புருவங்களுக்கு நடுவே பென்சில் மினுங்குகிறது.
டர்பென்டைனில் நனைத்த பஞ்சால்
ஒருதரம் ஒற்றினால் போதும், பொட்டு திரும்பிவிடும்.
போத்தலைத் திறந்தேன். நெடி வந்தது. மூடினேன்.
அவள் கேட்டுத்தான் மறைத்தது.
கேட்டாளா? கொப்பியில் அது இல்லை.

4418-உம் அவள்தான்.
கண் சிமிட்டிவிட்டாள் என்று கழித்தது.
யூலாலி அதைத் தொடவேயில்லை.
மூடிய இமைகள், மேலே ஓட்டை,
அதனூடாக என் மேசைவிளக்கு.

இரண்டையும் நேராக்கித் திரையில் அடுக்கி
அம்புக்குறியைத் தட்டுகிறேன்.
கண் திறக்கிறாள், பொட்டில்லை.
கண் மூடுகிறாள், பொட்டு.
திறக்கிறாள்.
மூடுகிறாள்.
நான் பார்த்ததிலேயே சின்னப் படம் இது.
எத்தனை தடவை ஓட்டினேனோ தெரியாது,
கீழே காலி வீதியில் பஸ்கள் ஓய்ந்துவிட்டன.

படிவத்தில் ஒரு கட்டம்: மூலப் பிரதி எது?
4417 என்று எழுதி அழித்தேன்.
வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
ஒரு புள்ளி வைத்தேன்.
திறந்தது.