ஏழு தாள் தள்ளி

பேங்க் கணக்கை அஞ்சு ரோட்டு ஜெராக்ஸ் கடையில்
பிரிண்ட் எடுத்தேன்.
பதினோரு பக்கம். இருபத்திரண்டு ரூபாய்.
அதையும் எழுதிக்கோ என்றான் அமுதரசு,
சிரிக்காமல்.

அறுந்த வாரை மூன்றாம் முறை தைத்துப் போட்டிருக்கும் ஆள்.
ஸ்டீல் பிளாண்ட் கேட்டருகே மற்றவர்கள் டீ குடிக்கையில்
போன் வந்ததுபோல் ஒதுங்கி நிற்பவன்.
அதே அமுதரசு
தங்கையின் மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேரை
ஏற்காட்டுக்கு ஏற்றிப்போய்
படகு, பிரியாணி, மிளகு, காப்பித்தூள் என்று
ஒரே மத்தியானத்தில் ஒன்பதாயிரம் இறைத்துவிட்டு
இறங்கும்போது இருபது வளைவிலும்
வாய் திறக்காமல் வந்தான்.
நான் வளைவுகளை எண்ணினேன்.
அவன் எதை எண்ணினான் என்று எனக்குத் தெரியும்.

என் செலவு அப்படிப் பாறையாய் உருளாது.
என்னுடையது கசிவு.
நூற்று நாற்பத்தொன்பது. இருநூற்று இருபது. தொண்ணூற்றொன்பது.
மேட்டூர்த் தண்ணி வராத நாளிலும்
சொட்டுகிற குழாய்.

பேனாவால் கோடு போட்டுப் படித்தேன்,
எனக்குத் தெரியாமல் யாரோ எழுதிய என் டைரியை.
மார்ச் ஒன்பது, இரவு பதினொன்று நாற்பது: குர்தி.
அன்றுதான் மேனேஜர் எல்லோர் முன்னும்
‘கணக்குத் தெரியாதவங்க’ என்றார்.
மார்ச் பதினாறு, அம்மாவுக்கு ஸ்கேன்,
வராந்தாவில் இரண்டு மணி நேரம்:
மூன்று ஆர்டர்.
ஞாயிறு மாலைகளில் தட்டுவடை செட், இரண்டு பிளேட்.
அதற்கு மட்டும் காரணம் தேடவில்லை.
பசி, அவ்வளவுதான்.

பீரோவின் கீழ்த்தட்டில்
பிரிக்காத கவர்கள் ஏழு கிடந்தன.
பட்டனை அழுத்திய விரலுக்கு
அன்றைக்கே கிடைத்துவிட்டது வேண்டியது.

திட்டிக்கொள்ளத்தான் உட்கார்ந்தோம்.
கந்துவட்டிக்காரர் வந்து
அப்பாவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன காலையை
அவன் அன்றுதான் முழுதாகச் சொன்னான்.
இரவல் சுடிதாரில் நிற்கும் என் கல்லூரிப் போட்டோவை
நான் முதல்முறையாகக் காட்டினேன்.
சோறு ஆறிப்போயிருந்தது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடை
இலவசமாகத் தந்த தினசரிக் காலண்டர்.
(வாங்கவைக்கத்தான் தந்தார்கள். இருக்கட்டும்.)
எது வேண்டுமென்று தோன்றினாலும்
ஏழு தாள் தள்ளி எழுதிவைப்பது.
அந்தத் தாள் மேலே வரும் காலையிலும் வேண்டுமென்றால்
வாங்கலாம்.

ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவே
என் கையெழுத்தில்: ஏர் பிரையர்.
கிழித்த வெள்ளிக்கிழமை
இது யாருக்கு என்று நானே கேட்டேன்.
நீல ஜிமிக்கியின் பின்பக்கம்
பால் கணக்கு எழுதினேன்.
குக்கர் கேஸ்கட் மட்டும்
ஏழு நாளும் சீறிக்கொண்டே இருந்தது.
வாங்கினோம்.

நடுவில் ஒருநாள் தோற்றேன்.
லீ பஜாரில், சட்டமெல்லாம் மறந்து,
இமாம்பசந்த் ஒரு பெட்டி.
ஏழு நாள் வைத்தால் பழம் பொறுக்குமா என்று
வரும் வழியெல்லாம் வாதம் தயாரித்தேன்.
தேவைப்படவில்லை.
கொட்டையைச் சப்பிக்கொண்டே விலை கேட்டான்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான்,
இன்னொன்று எடுத்தான்.

அவனும் எழுதுகிறான் என்பது
ஜூனில்தான் தெரிந்தது.
கிழிக்கப் போன தாளில் கோணல் எழுத்து: செருப்பு.
அன்று மாலை
அதே தைத்த வாரோடு வந்தான்.
மறுவாரம்: செருப்பு.
அதற்கு அடுத்த வாரமும்.

சிலருக்குக் காலண்டர் கையைப் பிடிக்க வேண்டும்.
சிலரை முதுகில் தள்ள வேண்டும்போல.

நான்காம் முறை அவன் எழுதியதற்குக் கீழே
நான் எழுதினேன்:
எட்டாம் நம்பர். நானும் வருகிறேன்.

இன்றைக்குப் புதன்.
அது சனிக்கிழமைத் தாளில் இருக்கிறது.
மேலே இன்னும் மூன்று.