சர்க்கரை இருக்கிறதா

அர்மந்தில் ஜனவரி என்றால்
காற்றே கொஞ்சம் பிசுபிசுக்கும்.
ஆலைப் புகை கொதித்த பாகாய் இறங்க
துவைத்துக் காயப்போட்ட சட்டையைக்கூட
எறும்பு வந்து மோந்துவிட்டுப் போகும்.

நைல் கரையோர இந்தச் சுகாதார நிலையத்தில்
விரல் குத்துவது என் வேலை.
பெயர் தம்யானா. நாளுக்கு நாற்பது விரல்.
படிவத்தில் இரண்டாவது கேள்வி:
சர்க்கரை இருக்கிறதா?

"இருக்கே, நேற்றுதான் ரேஷனில் போட்டான்,
தலைக்கு ஒரு கிலோ" என்பார்கள் பாதிப் பேர்.
நோய்க்கும் பண்டத்துக்கும்
ஒரே பெயர் வைத்த ஊரில்
பண்டத்தைச் சற்றே நகர்த்தி வைத்துவிட்டு
நோயை விசாரிக்கிறேன், நாற்பது முறை.

பக்ரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
ஆலை எடைமேடையில் குமாஸ்தா.
முப்பத்தொரு பருவமாய்
கரும்பு வண்டிகளை நிறுத்துச் சீட்டுக் கிழித்தவர்.
வலக்கைப் பெருவிரலில் மை.
மை படாத விரலாகப் பார்த்து நீட்டினார்.
கருவி ஐந்து வினாடி யோசித்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு.

தன் மேடையில் முள் கோணி நின்றால்
எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.
"இன்னொரு தரம் நிறு."
நிறுத்தேன்.
முந்நூற்று ஒன்பது.

பிறகு கேட்டார். எல்லோரும் கேட்பதுதான்,
இவர் கோபமாகக் கேட்டார்:
"சர்க்கரை தின்றதாலா சர்க்கரை வந்தது?
அப்படியென்றால் ஜாபிருக்கு எங்கே?
பாகுத் தொட்டியைக் கிளறியே கிழவனானவன்.
குவளைக்கு ஏழு கரண்டி,
அவன் தேநீரில் கரண்டி நட்டால் நிற்கும்.
ஓணான் மாதிரி இன்னும் சுவரேறுகிறான்.
என் அக்கா நஸ்ரா, இனிப்பே ஆகாது அவளுக்கு,
கல்யாணப் பலகாரத்தைக்கூடப் பூனைக்குப் போடுவாள்.
அவளுக்குத்தான் கால் போனது."

டாக்டர் சொல்லித்தந்த பதில் என்னிடம் உண்டு.
சர்க்கரை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது,
சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது.
ரத்த வழி உண்டு, தொப்பை உண்டு,
உட்கார்ந்தே கழிந்த வருஷங்கள் உண்டு.
உண்மையான பதில்தான்.
சொல்லும்போது மட்டும்
கடன்காரன் சாக்கு மாதிரி ஒலிக்கும்.

அதனால் வேறொன்று கேட்டேன்.
"நாளுக்கு எத்தனை தேநீர்?"
"அதை யார் எண்ணுவது?"
"வண்டிகளை எண்ணுகிறீர்களே."

பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு கரண்டி.
படிவத்தின் முதுகில் பென்சிலால் போட்டேன்.
மாதம் ஏழு கிலோ.
மதியம் குடிக்கும் சோடா கணக்கில் இல்லை.
பென்சிலை அவர் வாங்கிக்கொண்டார்.
முப்பத்தொரு வருஷத்துக்கும் பெருக்கினார்,
மனக்கணக்கில் முடிந்திருக்கும், ஆனாலும் எழுதிப் பெருக்கினார்.
இரண்டரை டன்னுக்கு மேல்.

வெளியே கரும்பு ரயில் ஊதிக்கொண்டு போனது.
பையன்கள் ஓடி ஓடிக் கழி உருவும் சத்தம்.

"தொண்ணூற்றெட்டில் இதே ரயில் கவிழ்ந்தது" என்றார்.
"அளவுக்கு மேல் ஏற்ற விட்டாயா என்று கேட்டார் மேலாளர்.
தண்டவாளம் ராஜா காலத்தது என்றேன்.
கட்டை உளுத்துப்போச்சு, வளைவு மோசம் என்றேன்.
எல்லாம் நிஜம். யாரும் மறுக்கவில்லை."

சட்டைப்பையில் பென்சிலைச் செருகி
அது என்னுடையது என்று நினைவு வந்து
திருப்பித் தந்தார்.

"ஏற்ற விட்டதும் நிஜம்."

இரண்டாவது கேள்விக்கு எதிரே
ஆம் என்று எழுதினேன்.
மாத்திரைச் சீட்டை நாலாய் மடித்தார்,
எடைச்சீட்டை மடிக்கிற அதே மடிப்பு.

என் ஜன்னலுக்கு நேரே காப்பிக் கடை.
இவர் வாய் திறக்குமுன்னே
பையன் கரண்டியைக் குவித்துவிட்டான்.
"வேண்டாம். வெறும் காப்பி."

எங்கள் பக்கம் சர்க்கரையில்லாக் காப்பி
துக்க வீட்டில்தான் ஊற்றுவார்கள்.
பையன் கரண்டியைக் கீழே வைத்தான்,
குரலைத் தாழ்த்தினான்:
"யார் தவறிட்டாங்க, ஐயா?"

பக்ரி குவளையை வாங்கி ஊதினார்.
"இன்னும் யாருமில்லை" என்றார்.