மணிக்கணக்கு

ஒரு மணி அடித்து நின்றால் பிடுங்கலாம்.
இரண்டு என்றால் ஓசூர் லாரி இறங்கிவிட்டது,
மல்லி மண்ணிலேயே இருக்கட்டும்.
மூன்று அபூர்வம், முகூர்த்த நாளில் மட்டும்.
எடுத்தால் காசு போகும் என்ற காலத்தில் போட்ட சட்டம்.
இன்னும் யாரும் எடுப்பதில்லை.

தீத்திப்பாளையத்தில் கல் நட்ட சைட்டுகள்,
நாற்பத்தெட்டில் முப்பத்தொன்று விற்காதவை.
மஞ்சள் கல்லுக்கும் மஞ்சள் கல்லுக்கும் நடுவே என் பாத்தி.
உடமைக்காரர் திருப்பூரில்.
விக்கிற வரைக்கும் ஓட்டிக்குங்க என்றார்.
போன மாதம் இருபத்திரண்டாம் நம்பரில்
போர்வெல் வண்டி வந்து நின்றது.
வெந்தயக்கீரை அங்கே அப்போது இரண்டு இலைதான்.

இரண்டே முக்காலுக்கு மணி அடிப்பவர் பத்ரு,
மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்.
டெம்போ கிட்டுசாமி சொல்லி ஆரம்பித்தது.
எனக்கு, மாதம்பட்டி துளசிமணிக்கு,
ஆறுமுகக்கவுண்டனூர் அண்ணனுக்கு, தம்பிக்குத் தனியாக
(அவர்களுக்குள் பேச்சில்லை).

செவ்வாய்க்கிழமை மணி அடிக்கவில்லை.
மூன்று. மூன்றேகால்.
கூலிக்கு வந்த நாலு பேர் வரப்பில் குந்தியிருந்தார்கள்,
டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு.
துளசிமணி கூப்பிட்டாள்: உனக்கு வந்துச்சா?
அண்ணன் கூப்பிட்டான்:
தம்பிக்கு வந்துச்சான்னு கேட்டுச் சொல்லுங்கக்கா.
தம்பி கூப்பிட்டு அதையே அண்ணனுக்குக் கேட்டான்.

குருட்டுக் கணக்கில் பிடுங்கினோம்.
கட்டு மூன்று ரூபாய்.
வாடகைக்கே பத்தவில்லை.

அப்புறம்தான் உறைத்தது:
ஒன்பது வருஷமாக எங்களில் ஒருத்தருக்கும்
அவர் முகம் தெரியாது.
இன்னொன்றும் உறைத்தது:
அவர் இரண்டு அடிக்கிற நாளெல்லாம்
எங்கள் மூட்டை வராது,
அவருக்கு இறக்குகூலி அந்த அளவு குறையும்.

உருளைக்கிழங்கு மூட்டை சரிந்து முழங்காலில் விழுந்திருக்கிறது.
பெரியாஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
யாருங்க என்றார்.
மல்லி என்றேன். தீத்திப்பாளையம்.
கையைப் பார்த்தார்.
வாழைநாருல கட்டுவீங்களே,
கட்டு கொஞ்சம் பெருசா இருக்குமே, நீங்களா?
ஆமாம்.
இன்னைக்கு என்ன போச்சு?
மூணு.
அட, ரெண்டு அடிச்சிருக்கோணும், என்றார்,
கட்டுப் போட்ட காலை நகர்த்தப் பார்த்து.

இப்போது கிட்டுசாமி எனக்குச் சொல்கிறான்.
நான் துளசிமணிக்கு அடிக்கிறேன்,
தம்பிக்கு, பிறகு அண்ணனுக்கு.
நாலாவதாகப் பத்ருவுக்கும்
ஒன்றோ இரண்டோ.
அவரிடம் பிடுங்க ஒன்றுமில்லை.