ஆற்றடி அடகு

பெக்கான் கெலுபியில் அடகுக்கடை மூன்று.
நாலாவது பாலத்துக்குக் கீழே,
இரண்டு ஆள் ஆழத்தில்.
பெயர்ப்பலகை கிடையாது, சீட்டு கிடையாது,
வைத்தவர்கள் யாரும்
திரும்பி வந்து கேட்டதும் கிடையாது.

ரோஸ்லி மூங்கிலை ஊன்றிப் படகை நிறுத்த
குழாயைச் சேற்றுக்குள் இறக்குகிறேன்.
உறிஞ்சிக்கொண்டு மேலே வருகிறது
அறுபது சென்டிமீட்டர் கறுப்பு,
கூழ்முட்டை வாடையோடு.

மேல் நாலு விரல் செம்பனை ஆலையின் கசடு.
அதன் கீழே ஒரு சாண் செம்மண்:
பால்மரத்தைச் சாய்த்துக் குன்றை மொட்டையடித்த ஆண்டுகள்.
அப்புறம் லாலான் புல்லுக்கு அடித்த மருந்து.
அதற்கும் அடியில், முப்பத்தெட்டாவது சென்டிமீட்டரில்,
மலேரியாவுக்கென்று லயத்துச் சுவரெல்லாம்
வெள்ளையாய் அடித்துப் போனார்களே,
அது.

கோமளம் என்ற பெயர் எந்த அடுக்கிலும் இல்லை.
எங்கள் வரிசையில் கடைசி வீடு.
பதினேழு வருஷம் முதுகில் மருந்துப் பம்பு சுமந்து
சாயங்காலம் இந்தப் படியில்தான் அலசினாள்,
பம்பை முதலில், பிறகு கையை.
தோட்டத்துப் பேரேட்டில் அவளுக்கு நேரே
நாள்கூலி மட்டும் இருக்கிறது.
மிச்சத்தை ஆறு எழுதி வைத்திருக்கிறது.

சோதனைக்கூடத் திரையில்
அந்தப் பழைய வெள்ளை மருந்துக்கு ஐந்து குளோரின்.
எனக்கு அது ஐந்து கல் மூக்குத்தி.
நீரில் கரையாது. வெயிலுக்கும் லேசில் மசியாது.
கொழுப்பைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும்,
மீனின் கொழுப்பு,
தாய்ப்பாலின் கொழுப்பு.

ஆனால் காற்று நுழையாத அந்த இருட்டில்
கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் உட்கார்ந்து
கல்லைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறது.
ஒரு கல்.
அப்புறம் நெடுநாள் ஒன்றுமில்லை.
நாம் காற்றை இழுப்பதுபோல்
அவை குளோரினை இழுத்துப் பிழைக்கின்றன.
அவசரமே இல்லாத பிழைப்பு.

மூடிய போத்தலில் ஒரு கரண்டிச் சேற்றை அடைத்துத்
தொண்ணூறு நாள் வைத்திருந்தேன்.
நூறில் நாலு குறைந்திருந்தது.
நோர்ஹயாத்தி கணக்கை இன்னொரு முறை போட்டாள்.
நாலுதான்.
இரண்டு பேரும் பைத்தியம்போல் சிரித்தோம்.

அறிக்கையில் எழுதினேன்:
கிளற வேண்டாம். கிடக்கட்டும்.

அதே வாரம் இன்னொரு தாளும் போயிருந்தது
வடிகால் இலாகாவுக்கு.
நவம்பர் தோறும் இடுப்பளவு தண்ணீர்,
சாமி படம் அலமாரி மேலே,
அரிசிப் பை அதற்கும் மேலே,
ஆற்றை ஆழமாக்கிக் கொடுங்கள் என்று
நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
ஏழாவது என் அண்ணனுடையது.

மிதவையில் மண்வாரி வந்து நின்றது.
ஓட்டுபவர் பச்சையப்பன்.
என் போத்தல் கதையைப் பொறுமையாகக் கேட்டார்.
"உன் பூச்சியெல்லாம் நிதானமாத் தின்னட்டும் தங்கச்சி.
தண்ணி நிதானமா வருமா?"
சாவியைத் திருகினார்.
என்னிடம் பதில் இருந்திருக்கலாம்,
இயந்திரச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

முதல் வாளி எழுந்ததும்
வாடை சந்தை வரை போனது.
நீர்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம்
பாலத்தின் தூண்களைச் சுற்றிக்கொண்டு இறங்கியது.
அறுபது வருஷத்து அடகு
வட்டி கேட்க ஆளில்லாமல்
ஒரே காலையில் மீட்கப்பட்டது.

கலங்கிய சேற்றில் புழு தேடிக்
கெலி மீன்கள் மேலே வந்தன.
பையன்கள் தூண்டிலோடு வரிசையாக நின்றார்கள்.
சாயங்காலம் சந்தைக்குப் பின்னால் கிலோ பத்து வெள்ளி.
வயிற்றை விரலால் அமுக்கிக் காட்டினார் விற்றவர்:
"நல்ல கொழுப்பு."

அந்த நவம்பரில்
அண்ணன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை.
அரிசிப் பையைத் தரையிலேயே வைத்திருந்தார்கள்.
அண்ணி சோறு போட்டாள், குழம்பு ஊற்ற வந்தாள்.
என்ன மீன் என்று கேட்டேன்.

திரும்பி வந்து போத்தலைச் சோதித்தேன்.
நூறில் ஆறு.